மண்ணெடுக்க மேளம் வேண்டும்

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்றொரு பேட்டை இருக்கிறது. அங்கே வாழும் இந்தோ-கரீபிய (கரீபியப் பகுதியிலிருந்து வந்த இந்திய வழியினரின்) இந்துக் குடும்பங்களில் கல்யாணம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வரும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பெண்கள் மண்ணெடுக்கப் போவார்கள். தாம்பாளத்தில் மஞ்சளும் செந்தூரமும் பூவும் வெற்றிலையும், ஒரு செம்பு நீர், ஒருத்தி கையில் மண்வெட்டி. முன்னால் மேளக்காரர்கள், பின்னால் பாட்டும் ஆட்டமும் கேலியுமாகப் பெண்கள் கூட்டம். கயானாவில் இதை வாய்க்கால் கரையிலோ மரத்தடியிலோ செய்தார்கள். குயின்ஸில் வீட்டுக் கொல்லை முழுக்கச் சிமெண்டு பூசியிருந்தால் வேலியோரம் நாலு செடிக்கென விட்டுவைத்த மண்தான் கதி. அந்த மண்ணைப் பூசித்து ஒரு பிடி வெட்டியெடுத்து, கல்யாணச் சடங்கு நடக்கும் இடத்தில் சேர்ப்பார்கள். போஜ்புரியில் இதன் பெயர் 'மட்டிகோர்', அதாவது மண் தோண்டுதல். நம் ஊரில் பந்தக்கால் நடுவதும் பாலிகை தெளிப்பதும் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

இந்த இரவில் கவனிக்க வேண்டியது யார் யாரெல்லாம் அந்தக் கொல்லையில் நிற்கிறார்கள் என்பதைத்தான். வீட்டுக்காரர்கள் கயானாவிலிருந்து வந்தவர்கள். டாஸா என்ற மேளத்தைக் கொட்டுகிறவர்கள் டிரினிடாடுக்காரர்களாகவோ டிரினிடாட் பாணியில் கற்றவர்களாகவோ இருப்பார்கள். பாட்டு பீகார், உத்தரப் பிரதேச எல்லை மாவட்டங்களின் மொழியில் இருக்கும். பாடுகிறவர்களில் அந்த மொழியைப் பேசத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அக்கம்பக்கத்தில் பஞ்சாபியரும் வங்காளதேசத்தவரும் ஸ்பானிய மொழி பேசுவோரும் குடியிருப்பார்கள். புலம்பெயர்ந்தோரை இசை இணைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுவது எளிது. ரிச்மண்ட் ஹில்லை உற்றுப் பார்த்தால், அந்த இணைப்பு கேட்டு மகிழும் உணர்ச்சியால் உண்டானது என்பதைவிட, சடங்குக்கு ஆள் வேண்டியிருப்பதால் உண்டானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மேளம் இல்லாமல் மண் எடுக்க முடியாது. மேளம் தெரிந்தவன் வேறு நாட்டுக்காரனாக இருக்கிறான். ஆகவே அவனை அழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாட்டு வழக்கத்துக்குள் இன்னொரு நாட்டுக்காரன் வந்து நிற்பது இப்படித்தான் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1838 மே 5ஆம் நாள் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் அன்றைய பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமையால் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கரீபியப் பகுதிக்கு ஏற்றிச்செல்லும் வேலை அப்படித் தொடங்கியது. 1845 மே 30இல் ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் டிரினிடாடை அடைந்தது. 1873இல் லல்லா ரூக் கப்பல் டச்சுக்காரர்களின் சூரினாமுக்குப் போனது. 1917இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்படும்வரை கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 பேரும், டிரினிடாடுக்கு ஏறத்தாழ 1,44,000 பேரும், சூரினாமுக்கு ஏறத்தாழ 34,000 பேரும் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்தில் ஏறிய போஜ்புரி, அவதி பேசும் மாவட்டத்தவர். கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் போனவர்களில் ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் தெலுங்கரும். அங்கே அவர்கள் எல்லாருக்கும் 'மதராசி' என்ற ஒரே பெயர்தான்.

மூன்று நாட்டுக்காரர்களுக்கும் மூதாதையர் ஊர் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், கரீபியத்தில் அவர்கள் ஒன்றாக வாழவில்லை. கயானாவிலிருந்து டிரினிடாடுக்குக் கடல் தாண்ட வேண்டும். சூரினாமில் ஆட்சிமொழியே வேறு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்தனியே வாழ்ந்ததில் ஒரே சடங்கு மூன்று விதமாக மாறியது, ஒரே பாட்டு மூன்று நடையில் ஊறியது. நடுவில் சிலது ஓரிடத்தில் செத்து இன்னோரிடத்தில் செழித்தது. அவர்கள் பெருங்கூட்டமாக ஒரே தெருவில் அண்டை வீட்டுக்காரர்களானது நியூயார்க் போன்ற நகரங்களில்தான். ஒப்பந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்திக்க இன்னொரு குடிபெயர்வு தேவைப்பட்டது.

அந்தக் குடிபெயர்வின் காரணங்களும் தெளிவானவை. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டைக் கைவிட்டது. கயானாவில் 1962 முதல் 1964 வரை இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையே நடந்த இனக்கலவரங்களும், 1966இல் விடுதலை பெற்றபின் ஃபோர்ப்ஸ் பர்னாம் ஆட்சியின் கெடுபிடிகளும், பொருளாதாரச் சரிவும் மக்களை வெளியே தள்ளின. 1980களின் தொடக்கத்தில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை போட்டார்கள். ரொட்டி தின்றே பழகிய குடும்பங்களுக்கு அது வயிற்றில் விழுந்த அடி. டிரினிடாடில் எண்ணெய் விலை வீழ்ந்த 1980களில் அங்கிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். சூரினாம்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்துக்குப் போனார்கள் என்பதால் நியூயார்க்கில் அவர்கள் சிறு தொகையினரே. நியூயார்க் நகரத் திட்டத்துறை 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கயானாவில் பிறந்து அந்நகரில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். வெளிநாட்டில் பிறந்தோர் வரிசையில் நகரத்தில் ஐந்தாவது பெரிய கூட்டம்.

ரிச்மண்ட் ஹில் அவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊரல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதியுள்ளோருக்கெனத் திட்டமிடப்பட்ட, திண்ணையும் கூம்புக் கூரையும் கொண்ட மரவீடுகளின் புறநகர் அது. நியூயார்க் குடிசைப் பகுதிகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜேக்கப் ரீஸ் குடியிருந்தது இங்கேதான். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இத்தாலியரும் இருந்து, அவர்கள் பிள்ளைகள் லாங் ஐலண்டு பக்கம் நகர்ந்தபோது, 1970களிலிருந்து கயானியரும் டிரினிடாடியரும் பஞ்சாபியரும் வந்து சேர்ந்தார்கள். லெஃபர்ட்ஸ் பூல்வார்டில் முடியும் 'ஏ' தட நகர இரயில், லிபர்ட்டி அவென்யூவுக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. அதன் நிழலில் ரொட்டிக் கடையும் புடவைக் கடையும் பூசைச் சாமான் கடையும், ஒரு காலத்தில் கேசட்டும் பிறகு குறுந்தகடும் விற்ற கடைகளும் வரிசை கட்டின. 2020இல் 101ஆம் அவென்யூவின் ஒரு பகுதிக்குப் பஞ்சாப் அவென்யூ என்றும், 2021இல் லிபர்ட்டி அவென்யூ, லெஃபர்ட்ஸ் பூல்வார்டு சந்திப்புக்கு லிட்டில் கயானா அவென்யூ என்றும் நகராட்சி துணைப்பெயர் சூட்டியது. இரண்டுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான்.

இனி மேளத்துக்கு வருவோம். டாஸா என்பது கிண்ணம் போன்ற அடிப்பாகமுள்ள ஒருமுக முழவு. கழுத்தில் மாட்டி, நுனியில் நூலோ நாடாவோ சுற்றிய இரண்டு மெல்லிய குச்சிகளால் அடிப்பது. முகலாயர் காலத்து வட இந்தியாவில் பரவியிருந்த தாஷாவின் வழிவந்தது. மகாராஷ்டிரத்தில் பிள்ளையார் ஊர்வலத்தில் கேட்கும் டோல்-தாஷாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. டிரினிடாடில் ஒரு டாஸாக் குழு என்றால் நாலைந்து பேர். 'கட்டர்' என்ற முன்னணி டாஸா தன் விருப்பப்படி வெட்டி வெட்டி வாசிக்கும். 'ஃபூலே' என்ற துணை டாஸா ஒன்றோ இரண்டோ விட்டுவிடாமல் ஒரே ஓட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். மரத்தைக் குடைந்து செய்த, இருமுகமுள்ள பெரிய டோல் கீழிருந்து அதிரும். 'ஜாஞ்ச்' என்ற பித்தளைத் தாளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். (டோல் என்ற அதே பெயரில் சில தெரு தள்ளிப் பஞ்சாபியர் கொட்டுவது வேறு வடிவம், வேறு நடை.) ஒவ்வொரு தாள அமைப்பையும் அவர்கள் 'கை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கிறார்கள். இன்ன சடங்குக்கு இன்ன கை என்பது கணக்கு. திகோரா என்பது நிதானமான பழைய நடை; டிங்கோலே என்பது ஆட்டத்துக்கான வேக நடை, அதன் பெயரே ஆப்பிரிக்க வழி டிரினிடாடியர் பேச்சிலிருந்து வந்தது. கலிப்ஸோ, சோகா என்ற டிரினிடாட் பாட்டு வகைகளிலிருந்து எடுத்த கைகளும் உண்டு. கட்டர் வாசிப்பவர் ஒரு சைகைத் தட்டுத் தட்டினால் குழு முழுவதும் அடுத்த கைக்குத் தாவும். தவில்காரர் தீர்மானம் வைத்து நிறுத்துவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

இந்த இசை டிரினிடாடில் கெட்டிப்பட்டதற்கு ஹோசே ஒரு முக்கியக் காரணம். முஹர்ரம் ஊர்வலத்தை அங்கே அப்படிச் சொல்வார்கள். இமாம் ஹுசைனின் நினைவாகத் தாஜியா என்ற காகிதக் கோபுரங்களை எடுத்துச்செல்லும் அந்த ஷியா மரபில் இந்துக்களும் ஆப்பிரிக்கர்களும் தோள் கொடுத்தார்கள். தோட்ட முதலாளிகளும் அரசும் அதைக் கண்டு அஞ்சியதற்கு அதுவே காரணம். 1884 அக்டோபர் 30ஆம் நாள் சான் ஃபெர்னாண்டோ நகருக்குள் நுழைய முயன்ற ஹோசே ஊர்வலங்கள்மீது காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர், பலர் காயமுற்றனர். ஆனாலும் போர்ட் ஆஃப் ஸ்பெயினை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸில் ஹோசே இன்றளவும் நடக்கிறது. ஆண்டுதோறும் பல இரவுகள் விடாமல் கொட்ட வேண்டிய கட்டாயம் இருந்ததால் அங்கே டாஸா கற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். கயானாவில் 'தாஜா' என்று வழங்கிய அதே ஊர்வலம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஓய்ந்துவிட்டது. ஊர்வலம் போனதும் டாஸாவும் மெலிந்தது. ஆக, ஒரு முஸ்லிம் துக்க ஊர்வலம் ஓரிடத்தில் நின்றதும் இன்னோரிடத்தில் தொடர்ந்ததும், நூறாண்டு கழித்துக் குயின்ஸில் ஓர் இந்துக் கல்யாணத்துக்கு மேளம் கொட்ட யாரை அழைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. நாட்டார் இசையின் வரலாறு இப்படிச் சுற்றுவழியில்தான் போகும்.

மட்டிகோரிலிருந்து பிறந்ததுதான் சட்னி என்ற இசை. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். காரமும் புளிப்பும் சேர்ந்தது என்ற பொருளில் அவர்களே வைத்த பெயர். மேளக்காரர் தவிர ஆண்கள் இல்லாத வெள்ளி இரவில் பெண்கள் மட்டும் பாடி ஆடிய கொச்சையும் குறும்புமான பாட்டுகளே இதன் வேர். 1970ஐ ஒட்டி டிரினிடாடின் சுந்தர் போப்போ, தாத்தா பாட்டியைக் கேலி செய்யும் ஒரு பாட்டை இந்தியும் டிரினிடாட் ஆங்கிலமும் கலந்து பாடிப் பதிவு செய்தது பெரிய திருப்பம். 1987இல் துரௌபதி ராம்கூனாய் சட்னியையும் சோகாவையும் பெயரளவிலும் இசையளவிலும் ஒட்டவைத்தார். வீட்டுக் கொல்லையில் பெண்களுக்குள் அடங்கியிருந்த ஆட்டம் மேடைக்கு வந்ததும், அது மானக்கேடு என்று மரபுவாதிகள் கொதித்தார்கள். மண்ணெடுக்கும் இரவில் பாட்டிமார் ஆடியதைவிட மேடையில் எதுவும் அதிகமாக நடந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். வெளிச்சத்தில் நடந்ததுதான் குற்றமாயிற்று. ரிச்மண்ட் ஹில்லின் கடைகளும் மண்டபங்களும் சட்னிக்குக் கரீபியத்துக்கு வெளியே ஒரு பெரிய சந்தையாக அமைந்தன. கயானியரும் டிரினிடாடியரும் ஒரே பாட்டுக்கு ஆடிப் பழகியது இந்தச் சந்தையில்தான்.

சட்னியின் பழைய பக்கவாத்தியங்கள் மூன்று: ஆர்மோனியம், டோலக், தண்டால். நம் ஊர் உடற்பயிற்சி அல்ல. ஒரு மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள எஃகுக் கம்பி, அதைத் தட்டக் குதிரை லாடம் போல் வளைந்த இன்னோர் இரும்பு. கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மேல்பகுதியை இடக்கையால் பிடித்தும் விட்டும் ஒலியை அடக்கியும் திறந்தும் வாசிப்பார்கள். மாட்டுவண்டியின் இரும்புக் கம்பியிலிருந்து பிறந்தது என்று அங்குள்ளோர் சொல்வார்கள். கோயிலில் பஜனையானாலும் கல்யாண மேடையில் சட்னியானாலும் தண்டாலின் 'டிங் டிக்கிட்டி' இல்லாமல் அவர்களுக்கு அது நம் பாட்டு என்று தோன்றாது. இந்தியாவிலிருந்து நேரே வந்து குயின்ஸில் குடியேறியவர்களில் பலர் இந்த வாத்தியத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மார்ச் மாதத்தில் பக்வா வரும். ஹோலியைக் கரீபியத்தில் அப்படிச் சொல்வார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரிச்மண்ட் ஹில்லில் பக்வா ஊர்வலம் நடந்துவருகிறது. அலங்கார வண்டிகள் லிபர்ட்டி அவென்யூ வழியே போய், ஊர்க்காரர்கள் ஸ்மோக்கி ஓவல் என்றழைத்த பூங்காவில் கூட்டம் சேரும். ரிச்மண்ட் ஹில் உயர்நிலைப் பள்ளியில் படித்த பேஸ்பால் வீரர் ஃபில் ரிஸூட்டோவின் பெயரை அதற்குப் பின்னாளில் வைத்தார்கள். பௌர்ணமி எந்தக் கிழமையில் வந்தாலும் ஊர்வலம் வார இறுதியில்தான். குளிர்ச்சட்டைக்கு மேல் பொடி தூவிக்கொள்வார்கள். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல்துறையின் அனுமதி வாங்க வேண்டும். பஞ்சாங்கம் பாதி, நகராட்சி விதி பாதி என்று திருவிழா தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது.

வண்டிகளில் சட்னி முழங்கினாலும், பக்வாவின் உயிர் கோயில்களுக்குள் பாடப்படும் சௌதால்தான் என்பேன். இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் டோலக்கும் கைகளில் ஜாலராவுமாக, ஒரு வரியை ஒரு வரிசை பாட மறு வரிசை வாங்கித் திருப்பிப் பாடும். நிதானமாகத் தொடங்கும் பாட்டு, தாளம் மாறி மாறி, கடைசியில் தொண்டை கிழியும் வேகத்துக்கு ஏறி, பின் திடீரென்று தணிந்து, மறுபடி ஏறும். இதில் மேடை கிடையாது, கேட்பவர் கிடையாது. உட்கார்ந்தவர் எல்லாரும் பாட வேண்டும். வரிகளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் இளைஞர்களுக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் மூச்சு வாங்கக்கூடாது என்பது தெரியும். போஜ்புரி நாட்டில் தேய்ந்துவரும் இந்த வடிவம் கயானாவிலும் டிரினிடாடிலும் சூரினாமிலும் ஃபிஜியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிலைத்திருப்பது வியப்புதான். நாடுவிட்டு நாடு வந்த சட்னியில் எது டிரினிடாட் பாணி, எது கயானாப் பாணி என்று சண்டை வரலாம். சௌதாலில் ஒரு கயானாக்காரரும் ஒரு டிரினிடாடுக்காரரும் ஒத்திகை இல்லாமலே எதிரெதிர் வரிசையில் உட்கார முடியும்.

தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இனிமேல்தான். குயின்ஸில் காளி கோயில்கள் சில இருக்கின்றன. கயானாவின் கிழக்கே பெர்பீஸ் பகுதியின் ஆல்பியன் போன்ற தோட்டங்களில் மதராசிகள் காத்துவைத்த மாரியம்மன் வழிபாடு, இன்று 'காளி மாய் பூசை' என்ற பெயரில் அங்கிருந்து நியூயார்க்குக்கு வந்திருக்கிறது. அங்கே தெய்வங்களின் பெயர்களைக் கேளுங்கள்: மாரியம்மா, மதுரை வீரன், சங்கனி (நம் சங்கிலிக் கருப்பன்), முனீஸ்பிரன் (முனீஸ்வரன்). கரகம் உண்டு, வேப்பிலை உண்டு, சாமி வந்து ஆடுவதும் குறி சொல்வதும் உண்டு. சாமியை அழைக்கக் கொட்டும் வாத்தியத்தின் பெயர் 'தப்பு'. கூடவே உடுக்கையும் உண்டு. வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டி, தோளோடு அணைத்து, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீளக் குச்சியுமாக அடிக்கிறார்கள். அடிக்கும் முன் நெருப்பில் காட்டி விறைப்பேற்றுகிறார்கள். தஞ்சை மாவட்டத்துச் சாவு வீட்டிலோ கோயில் கொடையிலோ பறை காய்ச்சியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மொழி பெரும்பாலும் போய்விட்டது. தாலாட்டும் வருந்தி அழைத்தலுமான பழைய தமிழ்ப் பாட்டுகள் காது வழியே மட்டும் வந்ததால், சொற்கள் தேய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. பாடுபவருக்குப் பொருள் தெரியாது, தமிழருக்கும் பாதி புரியாது. தாளம் அந்த அளவுக்குத் தேயவில்லை. எந்த அடிக்கு எந்தச் சாமி வரும் என்ற கணக்கு கைகளில் இருந்தது, அகராதி தேவைப்படவில்லை. இன்னொன்றும் நடந்தது. இங்கே பறை கொட்டும் வேலையோடு சாதி இழிவைக் கட்டிவைத்தோம். அந்த இழிவை உதறிப் பறையைத் தன்மானத்தின் அடையாளமாக்கும் முயற்சியும் நம் கண்முன் நடக்கிறது. கயானாவில் தோட்ட வாழ்க்கை சாதிப் படிநிலையைப் பெருமளவு கலைத்துவிட்டதால், தப்புக்காரர் இன்ன சாதி என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. ஆனால் இழிவு ஒரேயடியாக மறையவில்லை, இடம் மாறியது. வட இந்திய மரபைச் சேர்ந்த சனாதன இந்துக்கள், பலி கொடுப்பவர்கள், பேயாட்டம் ஆடுபவர்கள் என்று மதராசி வழிபாட்டையே கீழாகப் பார்த்தார்கள். வெளியில் ஏளனம் செய்துவிட்டு, தீராத நோய் வந்தால் அதே காளி கோயிலுக்கு அவர்கள் போனதும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயில்கள் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கி, வட இந்திய வழியினருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் கதவைத் திறந்தன. இன்று குயின்ஸில் தப்பு அடிக்கும் இளைஞரின் முன்னோர் கல்கத்தாக் கப்பலில் வந்தவர்களாக இருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

இணைப்பைப் பற்றி இவ்வளவு சொன்னபின் இணையாத இடங்களையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து நேரே வந்தவர்களுக்கும் கரீபியம் வழியே வந்தவர்களுக்கும் இடையே ஒரு சுவர் நெடுநாளாக இருக்கிறது. 'நீங்கள் உண்மையான இந்தியரா' என்ற கேள்வியைக் கேட்டுச் சலித்தவர்கள் கயானியர். அவர்கள் பேசும் கிரியோல் ஆங்கிலமும், ரம் குடிக்கும் வழக்கமும், சட்னியின் இடுப்பாட்டமும் இந்தியாவின் நடுத்தர வர்க்கத்துக்கு ஒவ்வவில்லை. இந்திப் படப்பாட்டு இருவருக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் அது ஒலிபெருக்கியில் எவர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடியது. அதற்கு அண்டை வீட்டு ஆள் தேவையில்லை. பஞ்சாபியர் கல்யாணத்துக்குத் தம் டோல்காரர்களை அழைத்துக்கொள்கிறார்கள், கயானியர் டாஸாக்காரர்களை அழைத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் தேவைப்படாத இடத்தில் இசை ஒரே தெருவில் இரண்டு பக்கமாக ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

கயானாவின் ஆப்பிரிக்க வழியினரோடும் ஏறக்குறைய அதே கதை. அவர்கள் பெரும்பாலும் புரூக்ளினில் குடியேறினார்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரவில் பாட்டும் கேள்வி-பதிலும் காமக் கேலியுமாக ஆடும் 'க்வே-க்வே' என்ற சடங்கு அவர்களுடையது. 2005 முதல் புரூக்ளினில், செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின விடுமுறையையொட்டிய வெள்ளியன்று அதைப் பொது நிகழ்ச்சியாகவே நடத்திவருகிறார்கள். மட்டிகோரையும் க்வே-க்வேயையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மணப்பெண்ணுக்கு இல்லற ரகசியங்களைச் சிரிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் ஒரே வேலையை இரண்டும் செய்வது தெரியும். நாட்டில் அண்டை அண்டையாக இருந்த இரண்டு சடங்குகள், நகரத்தில் இரண்டு வெவ்வேறு பகுதிகளுக்குப் பிரிந்துபோய்விட்டன.

பேட்டையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வீட்டு விலை ஏற ஏற, ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் நிலவறை உட்பட மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ வேண்டியதாயிற்று. 2000களின் தொடக்கத்தில், ஆள் குறைந்து வீடுகள் காலியாகக் கிடந்த ஸ்கெனெக்டடி என்ற வடபுலத்துத் தொழில் நகரத்தின் மேயர் ஆல்பர்ட் ஜுர்ச்சின்ஸ்கி, குயின்ஸிலிருந்து கயானியரைப் பேருந்தில் வரவழைத்து, ஊர் சுற்றிக்காட்டி, மலிவு விலை வீடுகளைக் காட்டினார். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கமும் பலர் நகர்ந்தார்கள். ரிச்மண்ட் ஹில்லில் அவர்கள் விட்ட இடங்களுக்குப் பஞ்சாபியரும் வங்காளதேசத்தவரும் தென் அமெரிக்கரும் வருகிறார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் கோயில் திருவிழாவுக்கும் பக்வாவுக்கும் திரும்பி வருகிறார்கள். போன இடத்தில் கல்யாணம் என்றால் மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பேட்டையின் எல்லை நகராட்சி வரைபடத்தில் ஒரு மாதிரியும், ஒரு டாஸாக் குழு வார இறுதியில் வண்டியேறிப் போய்வரும் தூரத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கிறது.

மேளமும் மாறியிருக்கிறது. மண் கிண்ணத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய பழைய டாஸா குளிரிலும் ஈரத்திலும் தொங்கிவிடும். வாசிப்புக்கு நடுவே அடிக்கடி நெருப்பில் காட்ட வேண்டும்; மார்ச் மாத நியூயார்க்கில் அது பெரும்பாடு, நகருக்குள் திறந்த வெளியில் தீ மூட்டக் கட்டுப்பாடும் உண்டு. டிரினிடாடிலேயே சில பத்தாண்டுகளாகச் செயற்கைத் தோலும் திருகாணியும் வைத்த டாஸா புழக்கத்துக்கு வந்துவிட்டது. சாவியால் முறுக்கினால் சுருதி ஏறும். ஒலி கூர்மையானது, ஆனால் ஆட்டுத்தோலின் குழைவு அதில் இல்லை என்று மூத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். வெள்ளி இரவு கொல்லைக்குள் நின்று கொட்டுகிறவருக்கு அந்த முணுமுணுப்பைக் கேட்க நேரமில்லை. வாசலில் பெண்கள் தாம்பாளத்தோடு காத்திருக்கிறார்கள், மண்வெட்டி யார் கையில் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவர் சாவியை எடுத்து நாலு முறுக்கு முறுக்கிவிட்டுக் குச்சியைக் கையில் எடுக்கிறார்.